செத்த பல்பு எரிந்த வீடு

மாட்டுத்தாவணியில் ஏறிய மேலூர் பஸ்ஸிலிருந்து ஊமச்சியேந்தல் விலக்கில் இறங்குகிற ஆள் முத்துமீனா ஒருத்திதான். ஊர்க்காரர்களுக்கு டூவீலர் இருக்கிறது, ஷேர் ஆட்டோ இருக்கிறது. அந்தப் பக்கத்தில் பஸ்ஸுக்குக் காத்துக்கிடக்கிற சனம் இப்போது கிடையாது.

"ஒத்த ஆளுக்கு வண்டிய நிப்பாட்ட வேண்டியிருக்கு" என்று சனிக்கிழமை தவறாமல் கண்டக்டர் முனகுவார்.

"நிப்பாட்டத்தானண்ணே ஒங்களுக்கு விசிலு குடுத்திருக்கு" என்று அவளும் சனிக்கிழமை தவறாமல் சொல்லிவிட்டு இறங்குவாள்.

விலக்கிலிருந்து கிழக்கே போனால் ஊர், ஊரைத் தாண்டிக் காலனி. அவள் போகவேண்டியது மேற்கே. கண்மாய்க்கரையோடு ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தால் அசோக்குமாருடைய கொய்யாத் தோப்பு, எட்டு ஏக்கர். தோப்பின் கடைசி மூலையில் ஹாலோபிளாக் சுவரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையுமாக ஒரு வீடு. அதில் அவளுடைய அம்மா தங்கப்பொண்ணு, தனியாக.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா கண்ணுச்சாமி மஞ்சக்காமாலையில் போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து தோப்புக் காவல் அம்மாவுக்கு வந்துவிட்டது. காலையில் தண்ணீர் பாய்ச்சுவாள், களை வெட்டுவாள், காய் பறிக்க ஆள் வரும் நாளில் அவர்களோடு சேர்ந்து பறிப்பாள். சாயங்காலம் ஆனால் ஒரு தகர டப்பாவும் குச்சியும் எடுத்துக்கொண்டு மரம் மரமாகப் போய் வவ்வால் விரட்டுவாள். நாள் முழுக்க அவளுக்குப் பேச்சுத்துணை அந்த வவ்வால்கள்தான். ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர்கள் பெயரை வைத்திருந்தாள்.

"ஏ அழகுராஜா, திங்கிறதத் தின்னுட்டுப் போ, கடிச்சுக் கடிச்சுப் போடாத. ஒங்கொணம் எங்க போகும்."

அழகுராஜா என்பது அப்பாவின் தம்பி. கருமாதி முடிந்த மறுநாள் போனவர் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

முத்துமீனா படித்தது இன்ஜினியரிங், எலக்ட்ரிகல். காலனியிலேயே முதல் ஆள். நாலு வருஷம் கரண்டைப் பற்றிப் படித்தவளின் வீட்டில் கரண்டு கிடையாது. வீட்டுக்கு மேலேயே மூன்று கம்பி போகிறது, ஆனால் அது மோட்டார் ரூமுக்குப் போகிற விவசாய லைன். அதில் ஒரு பல்பு போட்டாலும் திருட்டு, ஓசிக் கரண்டையே பிடுங்கிவிடுவார்கள் என்று கண்ணுச்சாமி இருந்த காலத்திலேயே அசோக்குமார் கண்டிசனாகச் சொல்லியிருந்தார். அதனால் அவள் சிம்னி விளக்கில் படித்தாள். பத்தாவதுக்கு மேல் ஒரு சோலார் விளக்கில் படித்தாள், அதுவும் ஒரு மழையில் நனைந்து செத்தது. கல்லூரி லேபில் அஞ்சு பேருக்கு ஒரு மெஷின். நாலு பையன்கள் கையை வைத்துத் திருகுவார்கள், இவளை ரீடிங் எழுதச் சொல்வார்கள். கையெழுத்து நல்லா இருக்கும் என்பது காரணம். நாலு வருஷத்தில் அவள் விரல் ஒரு ஒயரைத் தொட்டதில்லை. இப்போது மதுரையில் ஒரு லிப்ட் கம்பெனியில் போன் எடுக்கிறாள். எந்த அப்பார்ட்மெண்டில் எந்த மாடியில் யார் மாட்டிக்கொண்டு கிடக்கிறார்கள் என்று கேட்டு எழுதி மெக்கானிக்குக்குச் சொல்கிற வேலை. அங்கேயும் எழுத்துதான்.

விளக்கு வேலையை அவள் ஆரம்பித்தது அந்த எரிச்சலில்தான்.

பீமாராவ் மேலூரில் பேட்டரிக் கடை வைத்திருந்தார். காலனிக்காரர், அப்பாவுக்குப் பங்காளி, இவளுக்குச் சித்தப்பா முறை. ஒரு சனிக்கிழமை அவர் கடையில் போய் நின்றாள்.

"சித்தப்பா, செத்த பல்பு இருந்தாக் குடுங்க."

"எரியிற பல்பு வேணும்னா கேளு, தாரேன். செத்தத வச்சு என்ன செய்யப் போற, கருமாதியா?"

"சுருட்டுன கண்ணாடிக் கொழா பல்பு. சிஎப்எல்லு. எல்இடி வந்ததும் எல்லாரும் கழட்டிப் போட்டாங்கள்ல, அது."

"அது பின்னாடி சாக்குல கெடக்கு, எலி புழுக்க போட்டு. எம்புட்டு வேணுமோ அள்ளிட்டுப் போ." பிறகு மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார். "ஏத்தா, கம்பெனி வேல போயிருச்சா? குப்ப பெறக்க ஆரமிச்சிட்ட?"

அவள் விளக்கிச் சொன்னாள். அந்தப் பல்புகளில் செத்தது முக்கால்வாசி அடியில் இருக்கிற சர்க்யூட்டுதான். மேலே கண்ணாடிக் குழாய் உயிரோடு இருக்கும். பைக் பேட்டரியிலிருந்து அந்தக் குழாய்க்குத் தேவையான அளவுக்குக் கரண்டை ஏற்றிக்கொடுத்தால் எரியும். நெட்டில் யார் யாரோ வீட்டில் உட்கார்ந்து பொழுதுபோக்குக்குச் செய்து படம் போட்டிருக்கிறார்கள். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், கறுப்பாக ஒரு பெரைட் கட்டை, அதில் சுற்றிய மூன்று சுருள். அம்புட்டுத்தான்.

பீமாராவ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதுக்கு ஒரு எல்இடி வாங்கி நேராக் குடுத்தா எரியுமே" என்றார்.

"எரியும்."

"பெறகென்ன?"

"இத நானே செய்யணும் சித்தப்பா."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. தேறின ஒரு பைக் பேட்டரியை எடுத்துக் கொடுத்தார். "சார்ஜு எறங்குனா பஸ்ஸுல தூக்கிட்டு வா. ஆசிட்டு கால்ல ஊத்தாமப் புடி."

கம்பி சுற்றுகிற வேலையில் அம்மாவும் உட்கார்ந்தாள். பூக் கட்டுகிற விரல், அழுத்தம் ஒரே சீராக வந்தது. தலைமுடி மாதிரிச் செம்புக்கம்பியில் இருநூற்றைம்பது சுற்று. முத்துமீனா எண்ணுவாள், அம்மா சுற்றுவாள். பிறகு தடிப்பாகப் பதினாலு சுற்று. கடைசியாக ஏழு சுற்று, அதை மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

மாட்டினார்கள். எரியவில்லை. டிரான்சிஸ்டர் தோசைக்கல் மாதிரிச் சுட்டது, அவ்வளவுதான். அடுத்த வாரம் வேறு டிரான்சிஸ்டர். அதுவும் சுட்டது. அதற்கடுத்த வாரம் ரெசிஸ்டரை மாற்றினாள். மூன்று வாரம் போனது. மதுரையில் லேடீஸ் ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில் ரோகிணி "எரிஞ்சா ரீல்ஸ் போடு, வியூஸ் போகும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காலேஜ் வாட்ஸப் குரூப்பில் முத்துமீனா போட்டோ போட்டுக் கேட்டாள். ஆறு கட்டைவிரல் வந்தது, பதில் வரவில்லை.

நாலாவது வாரம் சுருளை உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

"அம்மா, இந்த ஏழு சுத்த எந்தப் பக்கமாச் சுத்துன?"

"வலமாத்தான்."

"எடமாச் சுத்தச் சொன்னேன்ல?"

"சொன்ன." தங்கப்பொண்ணு அரிவாள்மனையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. "எழவு வீட்டுலதான் எடமாச் சுத்துவாங்க. வீட்டுக்கு வெளக்கு செய்யையில எடமாச் சுத்துவாகளா? நீ மறந்து சொல்லியிருப்பன்னு நான் வலமாச் சுத்திட்டேன்."

முத்துமீனாவுக்கு ரெண்டு டிரான்சிஸ்டரும் மூன்று வாரமும் கண்முன்னால் வந்து போனது. கத்த வாயைத் திறந்தாள், சிரிப்பு வந்துவிட்டது. சுருளைப் பிரிக்கவில்லை. அதன் ரெண்டு முனையை மட்டும் மாற்றி முடுக்கினாள். சுற்று வலமாகவே இருந்தது, கரண்டுக்கு இடமாகிவிட்டது.

கிளிப்பைப் பேட்டரியில் வைத்தாள். கட்டைக்குள் கொசு மாதிரி ஙொய்யென்று ஒரு சத்தம். குழாய் ஓரத்தில் ஊதாவாக மினுக்கி, சட்டென்று முழுசும் வெள்ளையாகப் பிடித்துக்கொண்டது.

அம்மா பல்பைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். "செவுத்துல இம்புட்டு அழுக்கா இருந்திருக்கு" என்று எழுந்து விளக்குமாற்றைத் தேடினாள். ஒட்டடை அடித்து, சட்டிகளை இறக்கி வைத்து, அடுப்படியில் ஒரு பூரானை அடித்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தாள். "கறுத்துப் போயிட்டடி. அங்க சோறு சரியில்லையா?"

அந்தச் சனிக்கிழமையிலிருந்து கண்மாய்க்கரையில் திரும்பும்போதே தோப்புக்குள் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். அவள் கைபட்டு ஓடுகிற ஒரே சாமான் இந்த உலகத்தில் அதுதான். அதைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். ஆனால் அதைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடையாது. எத்தனை சுற்று, எத்தனை ஓம்ஸ், ஏன் அந்த ஙொய் சத்தம் என்று ஒருத்தர் கேட்கவில்லை. அம்மாவுக்கு எரிந்தால் போதும். பீமாராவுக்குப் பேட்டரியை ஒழுங்காகத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும்.

விளக்கு எரிந்தது, ஆனால் விளக்கு மட்டும் வீடாகிவிடாது. மழைக்காலத்தில் கொசு, வெயில் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் அவியல். அம்மாவின் பட்டன் போனுக்கு ஊருக்குள் போய்ச் சார்ஜ் போட வேண்டும். அதற்கெல்லாம் மேலே முத்துமீனாவுக்கு வேறு ஒரு பயம் இருந்தது. ரேசன் கார்டு, ஆதார் எல்லாம் காலனியில் அழகுராஜா சித்தப்பா வீட்டு நம்பரில் இருக்கிறது. முப்பது வருஷமாக இருக்கிற இந்த வீட்டில் அவர்கள் இருப்பதாக ஒரு காகிதமும் கிடையாது. கரண்டு ஆபீஸில் போய்க் கேட்டாள். அங்கிருந்த ஆபீசரம்மா நல்லபடியாகத்தான் சொன்னார். இடத்துக்காரர் ஆட்சேபம் இல்லையென்று ஒரு கையெழுத்துப் போட்டுக்கொடுத்தால் வேலை சுலபம், பத்து நாளில் அம்மா பெயருக்கே இணைப்பு வந்துவிடும் என்றார். பாரத்தையும் கொடுத்தார்.

தங்கப்பொண்ணு என்ற பெயரில் ஒரு கரண்டுக் கார்டு, இந்த வீட்டில் இருப்பதற்கு முதல் காகிதம். முத்துமீனா அந்தப் பாரத்தை அழகாக நிரப்பிப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்துக்கொண்டாள்.

அசோக்குமார் மாசத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை வருவார். மதுரையில் ஹார்டுவேர் கடை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து சேர்ந்தபோது சாயங்காலம் அஞ்சே முக்கால். கார்த்திகை மாசத்து மேகம் வேறு கவிந்து கிடந்தது. அவரும் முத்துமீனாவும் காய் அழுகியிருந்த மரங்களைப் பார்த்துவிட்டு வீட்டுப் பக்கம் வருவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. வாசலில் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டிருந்தாள். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசல் வரைக்கும் வெள்ளை வெளிச்சம்.

இருட்டில் கிடக்கிறோம் சார் என்று சொல்லிப் பாரத்தை நீட்டுவதாக முத்துமீனா ஒரு வாரமாக மனசுக்குள் பேசிப் பார்த்திருந்தாள். விளக்கைப் போடாதே என்று அம்மாவிடம் சொல்ல மறந்துபோயிருந்தாள்.

அசோக்குமார் நாற்காலியில் உட்காரவில்லை. சொம்பில் இருந்த தண்ணீரையும் தொடவில்லை. "கார்ல இருக்கு" என்றார். பார்வை பல்பிலேயே இருந்தது.

"என்ன தங்கப்பொண்ணு இது?"

"புள்ள செஞ்சதுங்கய்யா." அம்மாவின் குரலில் பெருமை வழிந்தது. "நீங்க வாரீகன்னுதான் வெள்ளனமே போட்டேன்."

"மோட்டார் லைன்ல இழுத்திருக்கியா?"

"இல்லீங்கய்யா."

"கண்ணுச்சாமிகிட்ட எத்தன தடவ சொல்லியிருக்கேன். என் லைனக் கட் பண்ணாக்க எட்டு ஏக்கரும் காஞ்சு போகும். இம்புட்டு நாள் நம்பி விட்டதுக்கு..."

அம்மாவை விட அவர் நாலு வயசு சின்னவர். பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், எப்போதும். முத்துமீனாவுக்கு அதுவே காதில் முள். இப்போது திருட்டுப் பட்டமும் சேர்ந்துகொண்டது.

"சார், ஒரு நிமிசம்" என்றாள். அவள் அவரை அய்யா என்று கூப்பிட்டதில்லை. மோட்டார் ரூம் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று போனாள். பலகையிலிருந்து மூன்று பீஸ் கட்டையையும் உருவினாள். கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒங்க லைன் இப்ப ஒங்க கையில இருக்கு. லைட்டப் பாருங்க."

லைட்டு எரிந்துகொண்டிருந்தது.

அசோக்குமார் கையிலிருந்த கட்டைகளையும் பல்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அந்த வீட்டுக்கு முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பேட்டரிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஒத்த டிரான்சிஸ்டரா?"

"ஆமா சார்."

"நானும் டிப்ளமா எலக்ட்ரிகல்தாம்மா. எங்கப்பா கடையில ஒக்கார வச்சிட்டாரு. ஆணி நிறுத்தே காலம் போச்சு." விரலை நீட்டினார். "இந்தச் சுருளு எத்தன சுத்து?"

"இருநூத்தம்பது. அதத் தொடாதீங்க, கடிக்கும். எனக்கு விரல்ல பொத்துப் போச்சு."

"பீட்பேக் எத்தன?"

முத்துமீனா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சொல்லை இன்னொரு ஆள் வாயிலிருந்து அவள் கேட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"ஏழு சார். மொதல்ல தப்பாப் போச்சு." அம்மா வலமாகச் சுற்றிய கதையைச் சொன்னாள். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். பெரைட் கட்டையைப் பழைய கம்ப்யூட்டரில் எடுத்ததையும், நனையாமலிருக்கத் தேங்காயெண்ணெய் டப்பாவுக்குள் அடைத்ததையும் சொன்னாள். பத்து நிமிஷம் அப்படிப் போனது. தான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. வாத்தியார் கேட்கக் கேட்கப் பதில் சொல்கிற பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எம்புட்டு நேரம் தாங்கும்?"

"அஞ்சு மணி நேரம் சார், ஒரு சார்ஜுக்கு."

"இன்னொரு பேட்டரி மாத்தி மாத்திப் போட்டா?"

"ராப்பூரா எரியும்."

"மழ, வெயிலு?"

"ஒண்ணும் செய்யாது சார். வருசம் பூரா எரியும்."

அவர் தலையாட்டிக்கொண்டே எழுந்தார். அவள் அந்தச் சந்தோஷத்தோடேயே பாரத்தை எடுத்து நீட்டினாள். அவர் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார், அவள் செய்த வெளிச்சத்தில். நாலாக மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பெறகு எதுக்கும்மா இது?"

அவளுக்கு உடனே விளங்கவில்லை.

"வருசம் பூரா எரியும்னு நீதான சொல்ற. எதுக்குக் கரண்டு?"

"பேன் வேணும் சார். போன் சார்ஜு போடணும். அம்மா இங்க ஒத்தையில கெடக்கு."

"இம்புட்டு செஞ்சவ, பேனுக்கும் ஒரு சர்க்யூட்டு செய்ய மாட்டியா? செஞ்சிருவ." அவர் கேலி செய்யவில்லை, நெசமாகவே சொன்னார். அதுதான் இன்னும் எரிந்தது. "ஒளிவு மறைவு இல்லாமச் சொல்றேன். என் தங்கச்சிக ரெண்டு பேரும் இந்தத் தோப்புல பங்கு கேட்டு வக்கீலப் பாத்துக்கிட்டுத் திரியிறாளுக. இந்த நேரத்துல வெளியாள் பேர்ல ஒரு கார்டு ஏறுச்சுன்னா எனக்குச் சிக்கலு."

"வெளியாளா? ஒங்கப்பா வச்சுக்கன்னு சொல்லித்தான் எங்கப்பா இந்தச் செவுத்தக் கட்டுனாரு."

"எங்கப்பா இருந்துக்கன்னு சொன்னாரு. வச்சுக்கன்னு சொல்லல. நானும் கூடத்தான் நின்னேன்."

"வச்சுக்கன்னுதான் எங்கப்பா சொல்லுவாரு."

"ஒங்கப்பாவும் இல்ல, எங்கப்பாவும் இல்ல. இருந்துக்கங்க, நான் போகச் சொன்னேனா? லைட்டும் இருக்கு." செருப்பை மாட்டிக்கொண்டார். பீஸ் கட்டைகளை நாற்காலியில் வைத்தார். "ஏம்மா, காட்டுப்பன்னி தொல்ல தாங்கல. இதே மாதிரி நாலு லைட்டு செஞ்சு தா, தோப்புக்கு நாலு மூலையிலயும் போட்ருவோம். சாமான் நான் அனுப்புறேன். அடுத்த ஞாயித்துக்கிழம வாரேன்."

கார் போன சத்தம் அடங்கியது. தங்கப்பொண்ணு தண்ணீர்ச் சொம்பைச் செம்பருத்திச் செடியில் கவிழ்த்தாள்.

"வீட்டுக்கு வாற ஆளு இருட்டுல நிக்கலாமான்னுதான்டி போட்டேன்" என்றாள். "நான்தான் கெடுத்துட்டேன்."

"நீ லைட்டுதாம்மா போட்ட. நாந்தான் அம்புட்டையும் வெளக்கிச் சொன்னேன்." முத்துமீனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "கேட்டான்னு சொன்னேன். ஒரு ஆளு கேட்டான்னு."

அந்த வாரம் லிப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் அவள் எரிந்து எரிந்து விழுந்தாள். மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். உடம்பு சரியில்லை என்றாள்.

சனிக்கிழமை கண்மாய்க்கரையில் திரும்பியபோது புள்ளி தெரியவில்லை. பேட்டரி இறங்கியிருக்கும் என்று நினைத்தாள். பிறகு அம்மாவுக்கு என்னமோ என்று நினைத்தாள். கடைசி அரைக் கிலோமீட்டர் ஓடினாள். கரைச் சேறு முழங்கால் வரைக்கும் தெறித்தது.

அம்மா அடுப்பு வெளிச்சத்தில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"ஏன் லைட்டு போடல?"

"திங்கக்கிழமையில இருந்தே போடல."

"சார்ஜு இல்லையா?"

"இருக்கு. நான்தான் போடல." அகப்பையைச் சட்டி விளிம்பில் தட்டினாள். "பன்னிக்குப் போடறதுக்கு அந்தாளு சாமான் அனுப்பியிருக்கான். மோட்டார் ரூம்ல கெடக்கு. பல்பு நாலு, கார் பேட்டரி ரெண்டு. தோப்புக்கும் அதே லைட்டு, நமக்கும் அதே லைட்டு. ராத்திரி படுத்துக்கிட்டு ரோசன பண்ணேன். இந்த வீட்டுல வெளிச்சம் தெரியிற வரைக்கும் அவன் கையெழுத்துப் போட மாட்டான்டி."

"அதுக்காக இருட்டுல கெடப்பியா? பூச்சிபட்ட வாற வீடு."

"முப்பது வருசம் கெடந்தவதான."

"நான் செஞ்சதும்மா அது."

"தெரியும்."

"நாலு வாரம்..."

"தெரியுமுடி. நீ செஞ்சதுங்கறதாலதான் கழட்டாம வச்சிருக்கேன். வேற யாரும் செஞ்சிருந்தா கண்மாயில எறிஞ்சிருப்பேன்."

முத்துமீனாவுக்கு அழுகை வரவில்லை. அணைந்து கிடந்த பல்பைத் தொட்டுப் பார்த்தாள். அவள் இருபத்து நாலு வருஷத்தில் தானாகச் செய்த ஒரே ஒரு காரியம். அதைப் பார்த்துச் சுவரைத் துடைத்த ஒரே ஒரு மனுசி. அந்த மனுசி இப்போது அது வேண்டாம் என்கிறாள், அவள் சொல்வதில் தப்பும் இல்லை.

"மதுரைக்கு வந்துரும்மா. ஒரு ரூம் எடுப்போம்."

"நான் வாசலத் தாண்டி நாலு நாளு போனா இந்தக் கதவுக்கு வேற பூட்டுத் தொங்கும். ஒனக்குத் தெரியாதா?"

ஞாயிற்றுக்கிழமை கண்மாயில் வலை போட்டார்கள். அம்மா ஒரு கூறு கெண்டை வாங்கி வந்து உரசிக் கழுவிக் குழம்பு வைத்தாள். ஆறு மணிக்குமேல் கார் வந்தது. அம்மா நாற்காலி எடுத்துப் போடவில்லை. குழம்பைக் கொதிக்கவிட்டு இறக்கி, அடுப்பில் கிடந்த கொள்ளிகளை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். புகை அடங்கியதும் வீட்டில் ஒன்றும் தெரியவில்லை. வாசப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

முத்துமீனா உள்ளே பேட்டரிக்குப் பக்கத்தில் நின்றாள். கிளிப்பு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

"தங்கப்பொண்ணு." அசோக்குமாரின் குரல் வேலிப்படலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. "ஏத்தா, ஆளு இருக்கீங்களா இல்லையா?"

"இருக்கோம்."

"என்ன இருட்டாக் கெடக்கு? லைட்டப் போடு."

"கரண்டு இல்ல."

"கரண்டு எதுக்கு? அதான் ஒம்மக செஞ்ச லைட்டு இருக்கே."

"இந்த வீட்டுக்குக் கரண்டு இல்லீங்க."

அய்யா இல்லை. அம்மா அந்த வார்த்தையை விட்டுவிட்டதை முத்துமீனா இருட்டில் கேட்டாள். அவரும் கேட்டிருக்க வேண்டும், அடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"முத்துமீனா இருக்காளா? ஏம்மா, சாமான் வந்துச்சுல்ல? செஞ்சிட்டியா?"

அவள் கை கிளிப்பின் மேல் போனது. ஒரு தொடுதல்தான், வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும். பீட்பேக் எத்தனை என்று கேட்ட ஆள் வெளியே நிற்கிறார், அந்த நாலு லைட்டையும் அவளால் ஒரே நாளில் செய்துவிட முடியும், இந்தத் தடவை இன்னும் நன்றாகவே செய்வாள். கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கையெழுத்துப் போடுங்க சார். அப்பறம் செய்யிறேன்."

"என்ன, பேரம் பேசுறியா?"

அசோக்குமார் படலைத் திறந்து ரெண்டு எட்டு வைத்தார். பிறகு எதையோ மிதித்தவர் மாதிரி நின்றார். போனை எடுத்து டார்ச்சைப் போட்டுக் காலடியில் அடித்துப் பார்த்தார். வட்டமான வெளிச்சம் சேற்றில் தடவித் தடவி வந்து, வாசப்படியில் அம்மாவின் பாதத்தில் நின்றது. அம்மா காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"தங்கச்சிக கேசு முடியட்டும். பெறகு பாப்போம்" என்றார்.

"பாருங்க" என்றாள் அம்மா. "நாங்க இங்கதான் இருக்கோம்."

டார்ச் வெளிச்சம் திரும்பிக் கொய்யா மரங்களுக்கு இடையில் ஆடி ஆடிப் போனது. கார் கதவு சாத்துகிற சத்தம். பிறகு கண்மாய்த் தவளைகள்.

"போயிட்டானா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் முத்துமீனா.

"போயிட்டான்."

"வா, சோறு திம்போம்" என்று அம்மா எழுந்து உள்ளே வந்தாள்.

அம்மா தடவித் தடவித் தட்டு எடுத்தாள், தடவித் தடவிச் சோறு போட்டாள். குழம்பு சோற்றில் விழுந்ததா தரையில் விழுந்ததா என்று தெரியவில்லை. ரெண்டு பேரும் முழங்கால் முட்ட உட்கார்ந்துகொண்டார்கள்.

"கெண்டைக்கு முள்ளு ஜாஸ்தி. பாத்துத் தின்னுடி."

"எங்க பாக்குறது?"

"சரி, தடவித் தின்னு" என்றாள் அம்மா.

முத்துமீனா விரலால் மீனைப் பிட்டு, ஒவ்வொரு முள்ளாக உருவித் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.